காருக்குள் எரிந்த விளக்கு

அண்டா வாடகைக்கு விடுகிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். திருவண்ணாமலையில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா தேய்க்கச் சேர்ந்தவன். இன்று அதே தெருவில் என் கடை அதைவிடப் பெரியது. இந்த ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ, சோறு வேகிறது என் அண்டாவில். வந்தவர்கள் உட்காருவது என் நாற்காலியில். வண்டி ஓட்டக்கூட யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னால் பெருமையாக இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்வது?

இப்படிப்பட்டவனை ஒரு கார் நடுரோட்டில் நிறுத்தியது. அதைத்தான் எழுத வந்தேன்.

வெள்ளை டீசல் கார். புதிதாக வாங்கியது. அந்தக் காரில்தான் என் மகள் கல்லூரிக்குப் போனாள், மாலையும் கழுத்துமாகப் புருஷன் வீட்டுக்கும் போனாள். இப்போது மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு அது என்னை ஒரு வாரம் நிம்மதியாக விட்டதில்லை.

முதலில் கிளட்ச் போனது. செங்கம் ரோட்டில் ஒரு சின்ன மேடு. பால்காரர் சைக்கிளை மிதித்து ஏறிப் போகிறார், நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன், கருகல் நாற்றம் வேறு. கிளட்ச் மாற்றிய கையோடு ரேடியேட்டர் ஒழுகியது. ரேடியேட்டரை மாற்றினால் ஏ.சி. படுத்தது. அந்த ஏ.சி.க்குக் கம்ப்ரஸர் என்று ஒன்று மாற்றினார்கள், அதற்குப் பிறகு அது மார்கழி மாதத்தில் மட்டும் நன்றாகக் குளிர்ந்தது. சஸ்பென்ஷன் வேலை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. இருந்தும் வேகத்தடையில் ஏறி இறங்கினால், மாடிப்படியில் அண்டாவும் மூடியும் உருண்டு வருவதுபோல் ஒரு சத்தம். அண்டா சத்தம் எனக்குத் தெரியாதா? அச்சாக அதே சத்தம்.

மெக்கானிக் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஷெட் போட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயில் ஒரு வார்த்தை இருக்கிறது. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

"தெறந்து பாத்தாத்தாங்க ஐயா தெரியும்."

திறந்த பிறகு எதுவும் சின்ன வேலையாக இருந்ததே இல்லை. ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் இருப்பதும் தேய்ந்திருக்கும். அதைக் கழற்றினால் அதற்கு அடியில் ஒன்று உடைந்திருக்கும். மனிதனுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர்கூட உள்ளே கையை விடும் முன் இன்னதென்று சொல்கிறார்.

"அந்த மெக்கானிக் மாடி கட்டிக்கினு இருக்காரு, பாத்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கட்டட்டும், அதுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. கிரகப்பிரவேசத்துக்கு நம்ம கார உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சிச் சோறு போடணும் அவரு."

விற்றுவிடு என்று சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். நான் சம்பாதித்து வாங்கிய முதல் கார். அதை எவனோ ஒருவன் டயரை உதைத்துப் பார்த்து விலை கேட்பதை நான் நின்று பார்க்க வேண்டுமா?

இதில் என் தப்பு ஒன்று உண்டு. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு லைட் இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "அது சென்சாருங்க ஐயா, எரியட்டும், நீங்க ஓட்டுங்க" என்றார். அன்றோடு அங்கே எரிகிற எந்த லைட்டையும் நான் மதிப்பதை விட்டுவிட்டேன்.

போன கார்த்திகை மாதம் மகளுக்கு வளைகாப்பு. கீழ்பென்னாத்தூரில் சம்பந்தி வீட்டில் வைத்து வளையல் அடுக்கி, அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். சம்பந்தி ஓய்வு பெற்ற வாத்தியார். ஆங்கிலப் பேப்பரை மடிப்புக் கலையாமல் படிப்பவர். புதுக்கார் வாங்கியிருக்கிறார், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி. நாள் குறிக்கப் போனபோது, பத்துப் பேர் முன்னால் அவர் சொன்னார்:

"சம்மந்தி, மருமவள நம்ம கார்லயே அனுப்பி வெச்சிடறேன். உங்க வண்டி தெருமுனை திரும்பறப்பவே வீட்டுக்குள்ள கேக்குது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"எம் பொண்ணு என் சொந்த வண்டியிலதாங்க தாய்வீடு வரும்," என்றேன். "வாத்தியாராச்சே, எழுதி வெச்சிக்கிங்க."

சொன்னது சொன்னதுதான். அவள் அடுத்தவர் காரில் வந்து என் வாசலில் இறங்கினால், நான் இத்தனை வருடம் பாடுபட்டு எழுந்து நின்றதற்கு என்ன அர்த்தம்?

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்பு காரை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அடியில் படுத்து, விரலில் கறுப்பைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"எஞ்சின் ஆயில் கசியுதுங்க ஐயா. ரெண்டு நாள் வுட்டுட்டுப் போங்க."

"எங்க கசியுது?"

அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெறந்து பாத்தாத்தாங்க ஐயா…"

"தெறக்கவே வாணாம்!" என்று கத்திவிட்டேன். "நீ தெறந்து தெறந்துதான் இது இப்பிடி ஆச்சு. மூடியே வை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் ஆயில் ஊற்றி, "தெனமும் அளவு பாத்துக்கினே இருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். மூன்று நாளும் கடையில் கார்த்திகை தீபத்துக்கு வந்த ஆர்டர்கள். பார்க்க எங்கே நேரம்?

ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு அமோகமாக நடந்தது. அண்டா, நாற்காலி, பந்தல் எல்லாம் என் கடையிலிருந்துதான் போயின, சம்பந்தியிடம் வாடகை பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று என் மனைவி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். இரண்டு கை நிறைய வளையலோடு மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். சம்பந்தி என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நீங்க வீடு போய்ச் சேர்ற நேரத்துக்கு போன் பண்றேங்க" என்று மட்டும் சொன்னார்.

தெருமுனையில் சாக்கடை வேலைக்குக் கொட்டிய ஜல்லி. ஏறி இறங்கும்போது அடியில் 'டங்' என்று ஒரு இடி. வழக்கமான சத்தத்தோடு அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். மகள் அசதியில் தூங்கிவிட்டாள். முன்சீட்டில் இருந்த என் மனைவி திடீரென்று என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. வெளக்கு!"

ஸ்டீரிங்குக்குப் பின்னால், சிவப்பாக, சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் ஒரு சொட்டுச் சுடர். கார்த்திகைக்கு நம் வாசலில் ஏற்றுகிற அதே அகல்தான், பிடி மட்டும் கூடுதல். சாவி போடும்போதெல்லாம் அது ஒரு கணம் மின்னி அணையும் என்று பிறகுதான் சொன்னார்கள். நான் சாவி போடும்போது ரோட்டைப் பார்ப்பேனா, படம் பார்ப்பேனா?

"கார்த்திக மாசம், புள்ளத்தாச்சிப் பொண்ண கூட்டினு போறோம், தானா ஏத்திக்கிச்சு பாருங்க" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடமாகக் காரைத் திட்டியவள், டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். தூரத்தில் மலை தெரிந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. அணைந்துவிடக் கூடாதே என்று ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

பிறகு எஞ்சினில் கடகடவென்று ஒரு சத்தம். அண்டா சத்தம் இல்லை, புதிது. கார் இழுக்க மறுத்தது. ஒரு முறை குலுங்கி, வேர்க்கடலை போட்டிருந்த மணிலாக் காட்டு ஓரமாக நின்றேவிட்டது. சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்றது. அதோடு சரி.

மகள் கண் விழித்து முன்னால் எட்டிப் பார்த்தாள். அவள் இன்ஜினியரிங் படித்தவள்.

"அப்பா, இந்த ரெட் லைட் எவ்ளோ நேரமா எரியுது?"

"ஊர் தாண்டுனதுல இருந்து எரியுதும்மா. நல்ல சகுனம்."

"சகுனமா?"

"வெளக்குடி. அம்மா கும்புட்டுக்கினுதான் வரேன்," என்றாள் என் மனைவி.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ அம்மா… அது வெளக்கு இல்ல, ஆயில் கேன்! சொட்டுறது ஆயிலு. எஞ்சின்ல ஆயில் இல்ல, ஒடனே நிறுத்துன்னு சொல்லுது அது!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வளையல் குலுங்கச் சிரித்தாள். "சிரிக்காத, சிரிக்காத" என்று என் மனைவி பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள். நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஜல்லி இடித்த இடத்திலிருந்து ஆயில் ஒழுகி, வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. திறக்கவே வேண்டாம் என்றேன் அல்லவா, அதுவே திறந்துகொண்டது.

"சம்மந்திக்கு போன் போடுங்க, அவரு கார் வரட்டும்," என்றாள் என் மனைவி.

"முடியாது."

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ண ரோட்டுல வெச்சிக்கினு ரோஷத்தப் பாரு!"

"ஆட்டோ கூப்புடறேன்."

"ஆட்டோ உங்க சொந்த வண்டியா?" என்றாள் மகள். அவளுக்கு என் வாய்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். இன்னும் பத்து நிமிடம் பார்ப்பது, பிறகு சம்பந்தியைக் கூப்பிட்டுவிடுவது என்று போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. வளைகாப்புச் சாமான்களை ஏற்றிக்கொண்டு என் கடை லோடு வண்டி வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் பெயின்ட்டில் என் கடைப் பெயர்.

டிரைவர் என்னோடு இருபது வருடமாக இருப்பவர். காரைப் பார்த்தார், ரோட்டில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். "மொதலாளி, ஆயிலு…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்," என்றேன்.

மகள் ஏற்கெனவே இறங்கிவிட்டாள். "இது நம்ம சொந்த வண்டிதானேப்பா?"

டிரைவர் பக்கத்துச் சீட்டில் தலையணை வைத்து அவளை உட்கார வைத்தோம். மெதுவாக ஓட்டச் சொன்னோம். பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். பட்டுப்புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பதினாறு வயதில் இப்படித்தான் அண்டாவோடு அண்டாவாக முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போவேன். அன்றைக்கு நாற்காலி கிடையாது.

வேங்கிக்கால் தாண்டும்போது போன் அடித்தது. சம்பந்தி.

"சேந்துட்டீங்களா சம்மந்தி?"

"ஊருக்குள்ள வந்துட்டோங்க. நம்ம சொந்த வண்டியிலதான்."

அந்த நேரம் பார்த்து வேகத்தடை. அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி, மூடிகள் உருண்டு, ஒரு கரண்டிக் கட்டு என் காலில் விழுந்தது.

"இன்னாங்க அது, அப்பிடி ஒரு சத்தம்?"

என் மனைவி இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"வழக்கமான சத்தந்தாங்க," என்றேன். "சஸ்பென்ஷன ஒரு தபா தெறந்து பாக்கணும்."