காட்டில் பிள்ளைகளை விட்டவள்

அக்கா இறந்து இரண்டு வருடத்தில் அத்தானை நான் மணந்தேன். எங்கள் ஆட்களிடையே இது புதிதல்ல. பிள்ளையை வளர்க்க வேற்றாள் எதற்கு என்று பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். அக்காவின் மகள் கல்யாணத்துக்கு முன்பும் என்னைச் சித்தி என்றாள், பின்பும் சித்தி என்றாள். டென்மார்க்கில் எங்கள் விபோர்க் வீட்டில் யாருக்கும் அதில் குழப்பம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் வில்லங்கம் வந்தது. அவள் வகுப்பில் அந்த வாரம் முழுக்க ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகள். அவற்றைத் திரட்டிய அண்ணன் தம்பி இருவரின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கடைசி நாள் பிள்ளைகள் நடித்துக் காட்ட, பெற்றோரும் போயிருந்தோம். பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லிப் புருஷனை நச்சரிக்கும் மாற்றாந்தாய் மேடைக்கு வந்தாள். உடனே மகளின் சிநேகிதி ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, 'ஸ்டெட்மோர்' என்றாள். மாற்றாந்தாய்க்கு டேனிஷில் அதுதான் சொல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் காலத்திலோ செத்துப்போன இரண்டு படித்த மனிதர்கள், என் வயிற்றெரிச்சலை ஏன் கொட்டிக்கொள்ள வேண்டும்?

என் முகம் போன போக்கை ஆசிரியை கவனித்திருக்க வேண்டும். கோப்பியை நீட்டியபடி ஒரு விஷயம் சொன்னார். முதலில் அச்சான புத்தகத்தில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாயேதானாம். தாயின் பெயர் கெடக்கூடாதென்று பிறகு அந்தச் சகோதரர்கள் மாற்றியிருப்பார்கள் என்றார். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இதை மகளிடம் சொன்னால் திங்கட்கிழமையே வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

காரில் ஏறியதும் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். வழக்கமாக டேனிஷில் பேசுகிறவள், அன்று தமிழில் கேட்டாள்.

"சித்தி, அது அவையின்ரை அம்மா இல்லைத்தானே? அம்மா எண்டால் பிள்ளையளை விட்டிட்டுப் போகமாட்டா, என்ன?"

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது இவளுக்கு நான்கு வயது. வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள்.

அவள் பக்கம் திரும்பி சீட் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

"ஓம் குஞ்சு," என்றேன். "அம்மா ஒருநாளும் விட்டிட்டுப் போகமாட்டா. அது ஸ்டெட்மோர்தான்."