ப்ரைமர் அடித்த நெஞ்சு

அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வலைதான் ஸ்டென்ட். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் அதற்கு மருந்துப் பூச்சு போடுவது என் வேலை. போன மாதம் அப்படி ஒன்றை அப்பாவின் இதயத்திலும் வைத்தார்கள். அப்பா ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வுபெற்றவர்.

ஒரு நாள் காலை அவருடைய மருந்து டப்பாவைத் திறந்தேன். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

“ஏம்ப்பா சாப்பிடல?”

“கைக்கு?” ‘எதுக்கு’ என்பதை அப்பா பணிமனையில் பழகிய உருதுவில்தான் கேட்பார். “அதான் கம்பியிலேயே மருந்து பூசியிருக்கே. ப்ரைமர் அடிச்ச பெட்டி துரு பிடிக்குமா?”

“ஐயோ, அது ரயில் பெட்டி இல்லப்பா!” என்று கத்தினேன்.

கம்பியைச் சுற்றிச் சதை வளர்ந்து மறுபடி அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பூச்சின் வேலை. அதே மருந்தால், குழாயின் உள்தோல் வளர்ந்து கம்பியை மூடவும் நாளாகும். அதுவரை கம்பியின் மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்புதான். அதைத் தடுக்கத்தான் மாத்திரை.

டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே அழைத்து வரச் சொன்னார். ஆட்டோவில் எனக்கு அழுகை நிற்கவில்லை.

“நக்கோம்மா, அழாதே, எனக்கு ஒண்ணும் ஆகல” என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும் அவர் முகம் வெளுத்தது.

“என்கூட பெயின்ட் ஷாப்ல வேலை செஞ்சவன் ஒருத்தன், அவனுக்கும் கம்பி வெச்சிருக்காங்க. மாத்திரை சாப்பிடணுமான்னு போன வாரம் போன்ல கேட்டான். மாத்திரையெல்லாம் எதுக்குடா, என் பொண்ணே பூசுற மருந்துன்னு சொல்லிட்டேன்.”