எலுமிச்சம்பழத்தில் ஏறாத வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றில், சங்ககிரியில் என் கடை வாசலில் ஆரம்பித்தது இந்தக் கதை.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. கூடவே ஆன்லைன் வேலைகள். லாரி ஊர் இது. பெர்மிட், இன்சூரன்ஸ், லைசென்ஸ் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "நல்லா கறுப்பா உழுகறாப்பல போடுங்க சாமி" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் தன் லைசென்ஸ் போட்டோவைப் பார்த்து, "போலீசே வேண்டாமுங்க, இதப் பாத்தா நானே என்னையப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்பார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகத்தான் நான் கடை நடத்துகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. என் வாய்க்கு இந்தத் தெருவில் தனிப் பெயர் உண்டு. எப்பேர்ப்பட்ட கோபக்காரரையும் பேசியே டீ குடிக்க வைத்து அனுப்பிவிடுவேன்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். மத்தியானத்தில் கடையில் ஈ ஓட்டும் நேரங்களில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சின்னச் சின்ன போர்டு, மோட்டார், சென்சார் எல்லாம் வாங்கி, இணைத்து, புகையவிட்டு, மறுபடியும் இணைத்து, ரோபோ செய்யக் கற்றுக்கொண்டேன். பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டு ஜெராக்ஸ் எடுக்க வரும்போது மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த என் குட்டி வண்டியைப் பார்த்தார்கள். பிறகு ஜெராக்ஸுக்கு வருவது குறைந்து, வண்டியைப் பார்க்க வருவது அதிகமாயிற்று. நாமக்கல்லில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ரோபோ போட்டி நடக்கப்போவதாக அவர்களுடைய ஆசிரியை வந்து சொன்னபோது, நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன்.

நாலு பேர் கொண்ட குழு. ரிமோட் பிடித்து வண்டியை ஓட்டுவது ஒரு பதினோராம் வகுப்புப் பெண். அவளுடைய அப்பா வடநாட்டு லைனில் லாரி ஓட்டுகிறவர். அதனால் எல்லோரும் அவளை "டிரைவரூட்டு டிரைவரு" என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

போட்டியின் வேலை இதுதான். ஓர் அகலமான தளத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் கிடக்கும். வண்டி போய் அவற்றைத் தன் கையால் தூக்கி, ஒரு சாய்வுப் பலகை வழியாக மேடைமேல் ஏறி, அங்கே அடுக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் அதிகம் அடுக்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. எங்கள் வண்டிக்கான அலுமினிய உடம்பைக் குழுவில் இருந்த பையன் ஒருவனின் அப்பா செய்து கொடுத்தார். அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். லாரிக்குக் கட்டுகிற மாதிரியே ஓரம் மடித்து, ரிவிட் அடித்து, பின்னால் சிவப்பு மஞ்சள் பட்டைகூட ஒட்டிக் கொடுத்தார். ஷூ பெட்டி அளவில் ஒரு லாரி. பழைய பலகையைச் சாய்த்து வைத்துப் பழக்கினோம். ஜம்மென்று ஏறியது. கோப்பையை எங்கே வைப்பது என்று கடை அலமாரியில் இடம்கூடப் பார்த்துவிட்டோம்.

போட்டிக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை. புது வண்டியைப் பூஜை போடாமல் எப்படி அனுப்புவது என்று பெற்றோர்கள் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சைக்கிளே ஆனாலும் புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். எனக்கும் சந்தோஷம்தான். வாசலில் கோலம் போட்டு வண்டியை இறக்கிவைத்தோம். சந்தனம், குங்குமம், மாலை. மாலையைப் போட்டதும் வண்டியே தெரியவில்லை. எதிரே தட்டில் சூடம் ஏற்றி, முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு பழங்களை வைத்தார் பட்டறைக்காரர்.

"எடு சாமி வண்டிய" என்று அவர் சொன்னார். பெண் ரிமோட்டைத் தள்ளினாள்.

சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. வண்டி நகரவில்லை. பழத்தின் தோல்மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தாள். ஒரு பழம் நழுவித் தெருவுக்கு ஓடியது. வண்டி தலையைத் திருப்பிக்கொண்டு நேராகப் போய்ச் சூடத்தட்டில் முட்டியது. தட்டு கவிழ்ந்தது. சூடம் அணைந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "லோடு ஏத்தறதுக்கு முன்னாடியே மக்கர் பண்ணுது பாரு" என்றார் ஒருவர். சிரிக்காதவர் ஒரே ஒருவர், அந்தப் பெண்ணின் அம்மா. அவர் குனிந்து தட்டை நிமிர்த்தி வைத்தார். மகளின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி என் கையில் கொடுத்தார். "வாரோமுங்க" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆசிரியை போன் செய்தார். அந்தப் பெண் போட்டிக்கு வரமாட்டாளாம். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாமா என்று கேட்டார். மற்ற மூவரும் ஓட்டிப் பார்த்தார்கள். பெட்டியைத் தூக்கத் தெரியும், அடுக்கத் தெரியும், ஆனால் அவளுடைய கை யாருக்கும் வரவில்லை. அதைவிட, ஒரு வருடமாக மத்தியானச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடி ஓடி வந்து பழகியவள் அவள்தான். அவள் இல்லாமல் போவதற்குப் போகாமலே இருக்கலாம் என்று தோன்றியது.

சரி, பேசினால் தீராதது எது என்று கிளம்பினேன். அவர்கள் வீட்டில் மூன்று டம்ளர் காபி குடித்தேன். சகுனம் எல்லாம் மனசு என்றேன். ரோபோ என்பது பொம்மை மாதிரி, அதற்கு எடை இல்லை, அதனால்தான் பழம் நசுங்கவில்லை என்றேன். மகளுடைய எதிர்காலம் என்றேன். நான் பேசி முடிக்கும் வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க பேசுனா நாள் முச்சூடும் கேட்டுட்டே இருக்கலாமாட்ட இருக்குதுங்க அம்மிணி. ஆனா புள்ளைய அனுப்பமாட்டனுங்க."

அப்புறம்தான் காரணம் வந்தது. சில வருடங்களுக்கு முன் அவருடைய வீட்டுக்காரர் ஒரு முதலாளியின் புது லாரியை முதன்முதலாக எடுத்தாராம். அன்றைக்கும் பழம் நசுங்காமல் சக்கரத்தடியிலிருந்து துள்ளி ஓடியது. அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். இந்த அம்மாவும் சிரித்தார். அந்த முதல் பயணத்திலேயே வண்டி கவிழ்ந்து, வீட்டுக்காரர் கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

"ஒரு எலுமிச்சம்பழத்தத் தாண்டமாட்டாத வண்டிய நம்பி எம்புள்ளைய எங்கீங்க அனுப்பறது?"

பழம் ஓடியதற்கும் லாரி கவிழ்ந்ததற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படுத்துக் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டிய கையைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? எழுந்து வந்துவிட்டேன். நான் பேசி, காரியம் நடக்காமல் திரும்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அந்தப் பெண் கடைக்கு வந்தாள், பின்னாலேயே மற்ற மூவரும். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்து, ஆறுதலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் கையில் ஒரு நீளமான கறுப்பு ரப்பர் பட்டை. பழைய லாரி டியூபை அறுத்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதற்கு டிரைவர்கள் வைத்திருப்பார்களே, அது.

"அக்கா, அம்மா சொல்றது சரிதானுங்க" என்றாள்.

நான் விழித்தேன்.

"பழத்துமேல சக்கரம் ஏறவே பாக்கலீங்க. நின்ன எடத்துலயே சுத்துச்சு. சக்கரத்துல புடியில்லீங்கக்கா. நம்ம பலக சொரசொரப்பு, அதனால ஏறுச்சு. அங்க பெயின்ட் அடிச்ச பலகதான வெப்பாங்க?"

போட்டி விதிகளை எடுத்துப் பார்த்தேன். பெயின்ட் அடித்த, வழவழப்பான பலகை என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் பலமுறை படித்தவள் நான். கடையில் கிடந்த ஒரு பழைய பிளாஸ்டிக் போர்டைச் சாய்த்து வண்டியை விட்டோம். பாதி ஏறிவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றப் பின்னோக்கிச் சறுக்கி வந்தது. அந்த நாமக்கல் மேடையில் எல்லோர் முன்னாலும் நடந்திருக்க வேண்டியது, என் கடையில் நாலு பேர் முன்னால் நடந்தது.

அவள் ரப்பரைப் பட்டை பட்டையாக அறுத்துச் சக்கரத்தில் ஒட்ட ஆரம்பித்தாள். பஞ்சர் கடையிலிருந்து சொல்யூஷன் வாங்கி வந்தான் ஒருவன். முதல் நாள் ஒட்டியது பிய்ந்து பறந்தது. மறுநாள் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டினார்கள், நின்றது. பேட்டரி முழுக்கப் பின்னால் இருந்ததால் முன்பக்கம் லேசாக எழும்பியது. அதைக் கழற்றி முன்சக்கரங்களுக்கு மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் வேகமாக எடுத்தால் சறுக்கியது, மெதுவாக எடுத்தால் ஏறியது. புரோகிராமில் வண்டி கிளம்பும் வேகத்தை நான் குறைத்துக் கொடுத்தேன். இதற்கிடையில் என் வேலை டீ வாங்கிக் கொடுப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாக அவள் வீட்டுக்குப் போனோம். வாசலில் இறக்கி வைத்தாள்.

"அம்மா, பழம் எடுத்துட்டு வா" என்றாள்.

அம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு பழம். கீழே உட்கார்ந்தார். உடனே வைத்துவிடவில்லை. சாறு பிழிவதற்கு முன் செய்வோமே, அதைப் போலப் பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, முன்னும் பின்னுமாக உருட்டினார். நன்றாக இளகும் வரை உருட்டினார். பிறகு சக்கரத்தடியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு நான் அவ்வளவு பேசியும் கிடைக்காதது அந்த உள்ளங்கையில் இருந்தது. பயமும் போகவில்லை, மகளின் ஆசையைத் தட்டவும் மனசில்லை. பாதி வழி அவர் வந்துவிட்டார். மீதியை வண்டி வர வேண்டும்.

பெண் ரிமோட்டைத் தொட்டாளோ இல்லையோ என்கிற மாதிரி மெதுவாகத் தள்ளினாள். சக்கரம் பழத்தைப் பிடித்தது. நின்றது. பிறகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, அந்தப்பக்கம் இறங்கியது. பின்சக்கரமும் அப்படியே. பழம் இருந்த இடத்திலேயே தட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் வெடித்து, இரண்டு விதை வெளியே எட்டிப் பார்த்தது.

அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன மணிக்குங்க வேனு? நானும் வாரேன்" என்றார்.

நாமக்கல்லில் போட்டி நடந்த இடம் ஒரு பெரிய பள்ளியின் அரங்கம். பளபளவென்று வண்டிகள், ஒரே மாதிரி சட்டை போட்ட குழுக்கள். எங்கள் வண்டி பின்னால் சிவப்பு மஞ்சள் பட்டையோடு, லாரி டியூப் சக்கரத்தோடு, வேறு ஊரிலிருந்து வழி தவறி வந்ததுபோல நின்றது. ஆனால் அதற்கோ அதை ஓட்டுகிறவளுக்கோ துளி பயம் இல்லை. சாய்வுப் பலகையில் கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஓடிய வண்டிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் திணறின. சக்கரம் சுற்றும், வண்டி பின்னால் வரும். எங்கள் வண்டி ஒவ்வொரு தடவையும் அவசரப்படாமல் ஏறியது. மேட்டில் லோடு வண்டி ஏறுகிற மாதிரி ஏறியது. ஒரு பெட்டி கை தவறி விழுந்ததால் இரண்டாம் இடத்துக்கான கோப்பை. அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டோம். அலமாரியில் பார்த்து வைத்த இடம் வீண்போகவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கை தட்டவே இல்லை. மற்ற வண்டிகள் சறுக்கி விழுவதை ரொம்ப நேரம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அவிங்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெக்கலியாட்ட இருக்குதுங்க?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடை வாசலில் நடந்த பூஜைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போதும் குழு இருக்கிறது. அந்தப் பெண் சேலத்தில் கல்லூரிக்குப் போகிறாள், லீவு நாளில் வந்து புதுப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள். பூஜையை மட்டும் கடைசி வாரத்திலிருந்து முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டோம். வண்டி பழத்தில் ஏறாவிட்டால் சரிசெய்ய நேரம் வேண்டுமே.

நான் இன்னும் அதே வாயாடிதான். ஆனால் யாராவது என் எதிரே "முடியாதுங்க" என்று தலையை ஆட்டினால், பேச வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து என் சக்கரத்தில் பிடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.