முனிரத்தினம் மாமாவின் சீமை இன்ஜின்

பிற்பகல் இரண்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. என் அக்கா செங்கமலத்தின் கணவர் முனிரத்தினம் மாமா, சுங்குவார்சத்திரத்தில் தம் கிணற்று மேட்டிலேயே சாய்ந்து இறந்துவிட்டார். இன்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தாராம். நம்பினேன். பதினைந்து வருஷமாக அவருக்கு அதுதான் வேலை.

1964இல் பினாங்கிலிருந்து திரும்பியபோது அவர் ட்ரங்குப் பெட்டியில் ஆயிரத்து நானூறு வெள்ளி இருந்தது. மலாயா டாலரை அங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நிலத்துக்குத் தண்ணீர் இறைக்க இங்கிலாந்து இன்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதம்.

"நம்மூர் இன்ஜின் இருமும்டா. சீமை இன்ஜின் மூச்சு வுடறதே தெரியாது."

மெட்ராஸ் கடையில் விலை இரண்டாயிரத்து நானூறு ரூபாய். வெள்ளியை மாற்றினால் இருநூற்றுச் சொச்சம் குறைந்தது. அதற்குள் சிமெண்ட் மேடை கட்டி, சீமை இன்ஜின் அளவுக்கு நான்கு போல்ட் ஓட்டைகளும் விட்டுவிட்டார்.

1966 ஜூனில் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒன்றரை ரூபாய்க்குப் போன வெள்ளி ஒரே ராத்திரியில் ஏறக்குறைய இரண்டரை. ஊரே தலையில் கைவைத்திருக்க, மாமா பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் டீ சொன்னார்.

"இன்னா நைனா, வூட்ல விசேஷமா?" என்றார் டீக்கடை நடேசன்.

"ரூபா வியுந்துடுச்சிப்பா! குடி, குடி!"

பொருளாதாரம் படித்த நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மறுவாரம் கடைக்குப் போனோம். இறக்குமதி இன்ஜினும் அதே விகிதத்தில் ஏறி மூவாயிரத்து எழுநூற்று எண்பதில் நின்றது. இப்போது கையில் முந்நூற்றைம்பது குறைந்தது. தேசத்தின் நாணயக் கொள்கையால் மாமா கண்ட பலன், நடேசனுக்கு ஒன்பது ரூபாய் பாக்கி.

"ஊரே அழுவுது, இவுரு டீ வாங்கி ஊத்திக்கினு கீறாரு. காலேஜ் படிச்ச நீயும் நீட்டி வாங்கிக் குடிச்சியாமே!" என்றாள் அக்கா.

அடுத்த வருஷம் பிரிட்டன் பவுண்டைக் குறைத்தது. சீமை இன்ஜின் மலிந்தது என்று மாமா துள்ளினார். பெட்டியிலிருந்த பழைய மலாயா நோட்டுகளும் பவுண்டோடு கட்டுண்டவை. அவையும் கூடவே இறங்கியிருந்தன. இந்த முறை டீ இல்லை.

1968இல் அக்கா நோட்டுகளைப் பிடுங்கி மாற்றி, கோயம்புத்தூர் இன்ஜின் வாங்கினாள். இருமியது, தண்ணீரும் இறைத்தது. இரண்டு போகம் விளைந்தது. மாமா அதை மன்னிக்கவேயில்லை.

அதன் கால்கள் பழைய ஓட்டைகளில் இரண்டில்தான் பொருந்தின. வேறு இரண்டு துளைத்தார்கள். மீந்த இரண்டையும் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லி அக்கா பதினைந்து வருஷம் கத்தினாள். இன்று போய்ப் பார்த்தால், மாமா ஒன்றைத்தான் அடைத்திருக்கிறார்; மற்றது சீமை இன்ஜினுக்காகத் திறந்தே கிடக்கிறது.