காப்புக் கட்டிய கை

மதில்மேல் ஊன்றியிருந்த அந்த வலது கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மணிக்கட்டில் மஞ்சள் துணியால் ஒரு முடிச்சு, அதற்குள் ஒரு துண்டு விரலி மஞ்சள். பங்குனி வெயிலில் வியர்த்து, துணியின் சாயம் கசிந்து, முழங்கை வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இறங்கியிருந்தது. கைக்கு உடையவர் எங்கள் வீட்டுக்காரர். கோட்டையூரில் அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த காலம் முழுவதும் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் வாய்க்கு வாய் தங்கச்சி என்பார்.

ஆழ்குழாய்க் கிணற்றுக்கான பைப், மோட்டார் விற்கும் கடை வைத்திருந்தார். கொஞ்சம் வயலும் உண்டு. அவரைக் கெட்ட மனிதர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். என் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். மகள் என் அம்மா வீட்டில் இருந்து படித்தாள். நான் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் தாமதமாகி இருட்டில் வந்து இறங்கினால், நிறுத்தத்தில் அண்ணன் பைக்கோடு நின்றுகொண்டிருப்பார். ஏறு என்று சொல்ல மாட்டார், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தெரிந்தவர். நான் முன்னால் நடக்க, விளக்கைப் போட்டபடி பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் என்பதால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அயோக்கியனிடம் ஏமாந்தால் காறித் துப்பிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

அவருடைய நாய் மயிலி. மயிலைக் காளையின் சாம்பல் நிறம் என்பதால் அந்தப் பெயர். இந்தப் பக்கத்து வேட்டை நாய்ச் சாதி. ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, நடந்தாலே ஓடுவது மாதிரி இருக்கும். குட்டியாக இருந்தபோது ஒரு வேன் இடித்து இடுப்பில் அடிபட்டிருக்கிறது. அது தானாகக் கூடிவிட்டதென்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய் அவருடையது, சோறு என்னுடையது. எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்பது எனக்கு முன்னால் அதற்குத் தெரியும். செருப்பைத் தேடும்போதே போய் கேட் பக்கம் நின்றுகொள்ளும். சிங்கப்பூரிலிருந்து போனில் பேசும்போது என் கணவர், மயிலி சாப்பிட்டுவிட்டதா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம்தான் என்னைக் கேட்பார். கேலிதான். ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நாட்களில் நிறைசினையாக இருந்த மயிலிக்குப் பிரசவ வலி வந்தது. அண்ணனும் அவர் மனைவியும் பால்குடம் எடுப்பதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள். காப்புக் கட்டிவிட்டால் கறி மீன் கிடையாது, சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகக்கூடாது, ரத்தம் பார்க்கக்கூடாது. மாடு கன்று ஈன்றால் தீட்டில்லை என்பார்கள். நாய்க்கு எப்படி என்று அவருக்கே சந்தேகம் வந்து கோயில் பூசாரி வீட்டில் கேட்டிருக்கிறார். ரத்தம் எதுவானாலும் ரத்தம்தானே, எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம், பழைய மாட்டுக் கொட்டகையில், நானும் மயிலியும் மட்டும்.

காலையிலிருந்தே அது மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. எழுந்து சுற்றும், படுக்கும், தன் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மதியம் முக்க ஆரம்பித்தது. முக்கி முக்கி ஒன்றும் வரவில்லை. கரும்பச்சையாக ஏதோ ஒழுகியது. நான் நாய்ப் பிரசவம் பார்த்தவளில்லை. என் பிரசவத்தையே கண்ணை மூடிக்கொண்டு முடித்தவள். அண்ணன் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அவர் ஏதோ ஒரு கிராமத்தில் மாட்டு முகாமில் இருந்தார். கிளம்பி வருகிறேன், ஆனால் பச்சையாக ஒழுகுவது நல்லதில்லை, நான் வரும்வரை காத்திருந்தால் தாயும் தங்காது என்றார். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மதில்மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன். பார்த்தால் தலைக்குப் பதிலாக இரண்டு பின்னங்கால்கள் வெளியே தெரிந்தன, ஈரமாக, என் சுண்டுவிரல் நீளத்துக்கு. அது முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், நேராக இழுக்காமல் அதன் கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் கிழிந்துவிடும் என்று போன் சொன்னது. துணியைச் சுற்றிப் பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தேன். மயிலி ஒரு முறை திரும்பி என் கையைக் கவ்வியது. பல் பதிந்தது, ஆனால் கடிக்கவில்லை. அப்படியே கவ்வி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு நான் எதுவும் அர்த்தம் சொல்லப் போவதில்லை. அது என்னை விட்டுவிட்டது, நானும் இழுத்தேன்.

முதல் குட்டி செத்துத்தான் வந்தது. அடுத்ததும் மாட்டியது. அதையும் இழுத்தெடுத்து, பையைக் கிழித்து, வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்துத் துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். போதும் விட்டுவிடலாம் என்று கை ஓய்ந்த நேரத்தில் அது பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் அழுதுவிட்டார். பெரிய மீசை வைத்த மனிதர், போனை நீட்டியபடியே விம்மி விம்மி அழுதார். அப்போதுதான் டாக்டரம்மா வண்டி வந்து நின்றது. ஊசி போட்டு, மருந்து ஏற்றி, மிச்சக் குட்டிகளை அவர் எடுத்தார். மயிலி பிழைத்தது.

கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னார். பழைய அடியில் இடுப்பெலும்பு கோணிக் கூடியிருக்கிறது, வழி குறுகல். இன்னொரு தரம் சினையானால் இது பிழைக்காது. பால் மறந்ததும் கருப்பையை எடுத்துவிடுங்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் அந்த வலது கையை மதில்மேல் ஊன்றினார்.

“இது காப்புக் கட்டுன கையி தங்கச்சி. ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன். இனிமே இந்த வாயில்லாச் சீவனச் சேர விடமாட்டேன். ஆப்பரேசன் பண்ணிருவோம்.”

எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. இருந்தாலும் எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. காப்புக் கட்டியவர் பொய் சொல்ல மாட்டார். கடன் வாய்தாவுக்கும் எல்லைத் தகராறுக்கும்கூட, அவர் காப்புக் கட்டியிருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அதனால் நான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தக் கறைச் சேலையோடு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

குட்டிகள் பால் மறந்தன, ஆளுக்கொரு வீட்டுக்குப் போயின. ஆப்பரேஷன் எப்போது என்று கேட்டேன். உடம்பு தேறட்டும் என்றார், நியாயம்தான். அப்புறம் கேட்டபோது கடையில் ஆளில்லை என்றார், அதுவும் நியாயம். ஐப்பசி மழையில் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மயிலியைக் காணோம். மதுரைக்குக் கொண்டுபோய் ஆப்பரேஷன் முடித்தாயிற்று, தையலை நக்காமல் இருக்கச் சிங்கம்புணரியில் மாமனார் தோட்டத்தில் கட்டிவைத்திருக்கிறது, ஆறினதும் கூட்டி வருகிறேன் என்றார். எனக்கு நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குப் படுக்கப் பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். ரொம்ப நன்றிண்ணே, சொன்னபடி செஞ்சிட்டீக என்று சொன்னேன். அவர் சிரித்தபடி வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். மதினி அடுப்பைப் பார்த்தபடியே ம் என்றார். நடந்ததையெல்லாம்விட அந்த நன்றிதான் என்னை இன்னமும் சுடுகிறது. திருடிக்கொண்டு போகிறவனுக்கு வாசல் வரை விளக்குப் பிடித்த கதை.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வாசலுக்கு வந்தார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய ஒரு பெட்டைக் குட்டி. இந்தச் சாதி நாய்க்குட்டியை விலைக்குக் கொடுக்கிற வழக்கம் அவர்களுக்குள் இல்லை. வெற்றிலை வைத்துத்தான் கொடுப்பார்கள். பெட்டைக் குட்டி வாங்கினவர் அதன் முதல் ஈத்தில் ஒரு பெட்டையைக் கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். அப்படி வெற்றிலை வைத்துக் கேட்டவர்கள் ஊர் ஊராக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கிறார். சிங்கம்புணரியில் பேர்பெற்ற ஒரு கடுவன் நாயோடு சேர விடத்தான் மயிலி அங்கே போயிருக்கிறது. எனக்குக் கொடுத்த வாக்கு அந்த வாக்குகளின் வரிசையிலேயே இல்லை.

“மயிலி தங்கல தங்கச்சி,” என்றார். “எல்லாம் மாட்டிக்கிருச்சு. இது ஒன்னுதான் பொழச்சுச்சு. அங்குட்டு ஒன்னய மாதிரி பாக்க ஆளில்ல.”

குட்டி துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

“காப்புக் கட்டுன கையோட சொன்னீகளேண்ணே.”

அவர் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு சொன்னார்.

“காப்பத்தான் அவுத்தாச்சே தங்கச்சி. அதுக்கப்புறம்தான பண்ணுனேன். காப்போட இருக்கையில ஒரு குத்தம் பண்ணலயே நானு.”

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்துவிட்டால் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அப்படி ஆறு கடந்தவனுக்குத் தான் செய்தது துரோகம் என்று தெரியும். இவருக்கு அது தெரியவே இல்லை. திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டபோது கூடவே ஆணையும் போய்விட்டது என்று மனதார நம்பியிருக்கிறார். ஆத்தாளிடம் அவர் கணக்கு நேராகிவிட்டது. என்னிடமும் மயிலியிடமும் அவருக்குக் கணக்கே இருந்ததில்லை. கை நிறைய ரத்தத்தோடு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கும், என் கையைக் கவ்வியும் கடிக்காமல் விட்ட அந்த உயிருக்கும் சொன்ன சொல் அது என்று நான் நினைத்திருந்தேன்.

வெற்றிலையைத் தொடவில்லை. குட்டியை எடுத்துக்கொண்டேன். அது அவருக்காக அல்ல. பசித்த குட்டிக்கு யார் கொண்டுவந்தார்கள் என்பது முக்கியமில்லை. அடுத்த மாதமே காரைக்குடியில் செக்காலைப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். போகும்போது மதினி மட்டும் கேட் வரை வந்து நின்றார். குட்டியின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். குட்டி வளர்ந்ததும் அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கருப்பையை எடுத்துவிட்டேன். இதற்கு இடுப்பெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் ஒரு முறை கேட்டார். இருக்கட்டும் டாக்டர், எடுத்துருங்க என்றேன்.

போன வாரம் அண்ணன் வந்திருந்தார். எப்படியோ விலாசம் விசாரித்திருக்கிறார். மீசை நரைத்துவிட்டது. எதுவுமே நடக்காத மாதிரி, மச்சான் எப்ப வாராரு, பாப்பா என்ன படிக்கிது என்று கேட்டார். நாய் அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு யார் சொல்லிப் புரிய வைப்பது? அவர் அதன் காதைச் சொறிந்துகொடுத்தபடி, நல்ல கடுவன் ஒன்று கொத்தமங்கலத்தில் இருக்கிறது, முதல் ஈத்துப் பெட்டை முறைப்படி தனக்கு வர வேண்டியது, இந்தப் பங்குனிக்குள் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். ஆப்பரேஷன் பண்ணியாயிற்று என்றேன்.

சொறிந்துகொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்தபோது கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கோபம் இல்லை. உடன்பிறந்தவளே கைவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு வருத்தம்.

“ஒரு வார்த்த என்னயக் கேக்கலயே,” என்றார். “ஒன்னய நம்பித்தான தங்கச்சி குடுத்தேன்.”