வெறும் வாளி திரும்புவதில்லை

கிளாஸ்கோவில் கழுவின டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் சிரிக்கிறார்கள். எங்கள் தெருமுனைச் சர்ச்சில் புதன்கிழமைதோறும் யார் வந்தாலும் சூடாகச் சூப்பும் ரொட்டியும் உண்டு. வீட்டுக்கும் ஒரு வெள்ளை டப்பாவில் ஊற்றித் தருவார்கள். கணவர் வேலை பார்த்த கிடங்கை மூடியதிலிருந்து நானும் அந்த வரிசையில் நிற்கிறேன். முதல் வாரம் வாங்கிய டப்பாவைக் கழுவி, அம்மா கோவில்பட்டிக்குப் போய்ப் பார்சல் போட்டு அனுப்பிய மிளகாய் வத்தலில் ஒரு கைப்பிடி உள்ளே போட்டு, பரிமாறும் மார்கரெட்டிடம் நீட்டினேன். "இதையெல்லாம் திருப்பித் தர வேண்டாம்" என்று சிரித்தவர், திறந்துகூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நல்ல மனுஷி.

எங்கள் ஊரான நாகலாபுரத்தில் எங்களுடையது இந்து வீடு. ஆனாலும் ஊர்ச் சர்ச்சில் வருஷத்துக்கு ஒருநாள் நடக்கும் அசனம் எங்களுக்கும் திருநாள்தான். இருப்பவர், இல்லாதவர் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். அப்பா முதல் ஆளாக உளுந்து மூட்டை அனுப்புவார். பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். கொடுத்தவன் உட்கார்ந்து தின்னக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். அதில் சாதிக் கௌரவமும் இருந்தது. மத்தியானம் சர்ச்சிலிருந்து ஒரு தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் வீடு தேடி வரும். அம்மா வாளியைத் துலக்கி, ஒரு கை வத்தலாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவாள். வெறும் வாளி அனுப்பினால் கொடுத்தவர்களை அவமதித்த மாதிரி.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தனியாக இருக்கிறாள். இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டி, உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. நான் பணம் அனுப்புவது நின்றுபோனதை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடல் கடந்து வந்த நம்மில் பலருக்கு இப்படி வீட்டுக்குச் சொல்லாத சோறு ஒன்று இருக்கும்.

"ஏட்டி, ஐயரு வந்துட்டுப் போறாரு," என்றாள் போனில். சர்ச் போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். "இந்த வருசம் கொடுக்க ஒண்ணுமில்லய்யான்னேன். நீங்க வந்து உக்காந்து சாப்பிடுங்கம்மா, அதுக்குத்தான் அசனமேங்காரு. நான் எப்படிட்டீ போயி உக்காருவேன்? உங்கப்பா பேரு என்னாவும்?"

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"நீத்தண்ணி கெடந்துச்சு."

பழைய சோற்றுத் தண்ணீரைத்தான் சொல்கிறாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நானும் இங்கன சர்ச்சுலதாம்மா சாப்பிடுதேன். நீ போ."

"உக்கார வச்சுப் போடுதாவளா, நிக்க வச்சா?" என்று கேட்டாள்.

"உக்கார வச்சுத்தாம்மா." வரிசையில் நிற்பதை நான் சொல்லவில்லை.

அசனத்தன்று அம்மா போனாள். "குனிஞ்ச தல நிமிராம சாப்பிட்டேன்," என்றாள். "கெளம்பும்போது, எம்மவ பங்கும் குடுங்கன்னு கேட்டேன். ஒரு வாளி நெறைய குடுத்தாவ."

"நான் இங்கன இருக்கேனேம்மா."

"தெரியும்ட்டீ."

தனக்காக யாரிடமும் எதையும் கேட்காதவள். அன்றைக்கு நான் அழுதேன்.

வாளியைத் துலக்கி அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம். உள்ளே போட ஒன்றும் இல்லாததால் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் கடைசியாக இருந்த வத்தலை எல்லாம் எனக்கு அனுப்பிவிட்டாள். அது இங்கே, என் அலமாரியில் இருக்கிறது.