கதவுக்கு வெளியே டைரக்டர்

படம் ஓடத் தொடங்கிவிட்டால் அவள் அரங்குக்குள் இருக்கமாட்டாள். கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு காலை முட்டுக்கொடுத்து நிற்பாள். பாதியில் எழுந்து வருகிறவர்களை மடக்கி, "ஏங்க, பிடிக்கலையா?" என்று கேட்பாள். அதில் கோபம் இருக்காது. காய்ச்சலில் கிடப்பவரிடம் உடம்பு எப்படி என்று விசாரிக்கிற குரல்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார் ஒருவர். போன் வந்தது என்பார் இன்னொருவர். ஒரு பெரியவர் மட்டும், "தூக்கம் வந்துடுச்சும்மா. ஆனா நல்ல தூக்கம்" என்றார். தன் படங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே நேர்மையானது அதுதான் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

பிழைப்பு, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது. மணப்பெண்ணின் மாமா கொட்டாவி விடும் இடங்களை நீக்குவதில் கை தேர்ந்தவள். நீக்கியதைத் தூக்கிப்போடத்தான் மனசு வராது. "கொட்டாவிதாங்க நிஜம். மத்ததெல்லாம் கேமராவுக்கு" என்பாள். அக்கம்பக்கத்தார் 'டைரக்டரம்மா' என்று கூப்பிடுவதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். இரண்டுக்கும் சேர்த்தே திரும்பிப் பார்ப்பாள்.

முதல் படம் அவளுடைய அக்காவைப் பற்றியது. அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கடைத் துணிகளைத் தைக்கிறாள். சமையலறைக்குள்ளிருந்து அம்மா ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவின் முகம் கடைசிவரை தெரியாது. அவ்வளவுதான் படம்.

அதைத் தூக்கிக்கொண்டு விழா விழாவாக அலைந்த காலத்தைப் பேச ஆரம்பித்தால் அவள் முகமே மாறிவிடும். படம் எடுக்கும் பெண்கள் நான்கு பேருக்கு ஒரே அறை, ஒரே இஸ்திரிப் பெட்டி. கழுத்தில் மாட்டிவிட்ட பெயர் அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மனம் வராது. காலி நாற்காலிகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குவாள். ஒருமுறை கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்து, முகமற்ற அந்தக் குரலின் வழியே எதை உணர்த்த முனைகிறீர்கள் என்று கேட்டார்.

"அது எங்கம்மாங்க. ஷூட்டிங் நடக்குது, கொஞ்சம் சும்மா இருங்கன்னேன். கேக்கவே இல்ல."

அரங்கே சிரித்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, என்னைக் கேட்காமல் என் குரலை எப்படிப் போடலாம் என்று அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வீடும் இடிந்து, வேறு யாரோ மாடி வைத்துக் கட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் படத்தைப் பார்த்ததே இல்லை. கூப்பிட்ட போதெல்லாம், "என் மூஞ்சிய நான் எதுக்குடி காசு குடுத்துப் போய்ப் பாக்கணும்? அதுக்குத்தான் வீட்ல கண்ணாடி இருக்கே" என்று தட்டிக் கழித்துவிடுவாள்.

போன மாதம் ஒரு விழாவில் அந்தப் பழைய படத்தை மறுபடி போட்டார்கள். என்ன தோன்றியதோ, முழங்கால் வலியோடு அக்கா கிளம்பி வந்தாள். அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு டைரக்டரம்மா வழக்கம்போல வெளியே வந்து நின்றாள். படம் முடியச் சற்று முன்னால் கதவு திறந்தது. வந்தது அக்கா. ஊர்ப்பட்ட பேரை மடக்கிக் கேட்டவள், அன்று சுவரிலிருந்து காலை எடுத்து நேராக நின்றாள்.

அக்காதான் பேசினாள். "அம்மா பேசுது பாப்பா. அந்தக் குரலே எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். அக்கா தலையாட்டி மறுத்தாள்.

"இன்னும் பேசுமா?"

"இன்னும் ஒரு தடவை."

"அப்ப வா உள்ள. வாட்ச்மேன் மாதிரி இங்க என்ன நிக்கிற?"

இருவரும் ஓரத்து நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். திரையில் இளவயது அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சமையலறையிலிருந்து அம்மா, "எவ்ளோ நேரம்டி கூப்பிடுறது? சாப்பிட வா, ஆறிப்போகுது" என்றாள்.

இருட்டில் அக்கா, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பாதி எழுந்துவிட்டாள்.